உப்பைக் கழுவ எங்கே குளிக்கிறீர்கள்?

ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் புதிதாக வரும் காது மூக்கு தொண்டை மருத்துவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மூக்கில் சதை என்று ஒருவர் வந்தால், டார்ச்சை எடுக்கும் முன் அவர் குளிக்கும் இடத்தைக் கேளுங்கள். "கடலில்" என்றால் அத்தோடு விட்டுவிடாதீர்கள். கடலில் இறங்கியவர் உப்பைக் கழுவ ஊருணிக்குத்தான் போவார். மாடும் அதே தண்ணீரில்தான் கிடக்கும். "அதை விட்டா நல்ல தண்ணி ஏது டாக்டரய்யா?" என்று தேவிபட்டினம் பக்கத்து மீனவ அண்ணன் ஒருவர் என்னையே திருப்பிக் கேட்டார்.

அந்த மாதிரித் தேங்கிய தண்ணீரிலிருந்து வருவதாகக் கருதப்படும் இந்த நோயின் பெயர் ரைனோஸ்போரிடியோசிஸ். இந்தக் கிருமியை 1900இல் புவெனஸ் ஐரிஸில் கில்லெர்மோ சீபர் விவரித்தார். வெகுகாலம் பூஞ்சை என்றே படித்தோம். மீன்களைத் தாக்கும் ஒட்டுண்ணிகளுக்கு உறவுக்காரன் என்று பிறகு மரபணு ஆய்வு சொன்னது. மற்ற நாடுகளுக்கு அரிது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் அப்படியல்ல.

சாதாரண மூக்குச்சதை பெரும்பாலும் இரண்டு பக்கமும் வரும். உரித்த நுங்கு மாதிரி வெளிறி வழவழவென்று இருக்கும். இது பெரும்பாலும் ஒரு பக்கம். பாடப்புத்தகம் ஸ்ட்ராபெர்ரி என்கிறது. எனக்கு அது ரவை தூவிய கோவைப்பழம். அந்த வெள்ளைப் புள்ளிகள்தான் வித்துப் பைகள். தொட்டால் ரத்தம் கொட்டும்.

அதனால் ஓபியில் கிள்ளி எடுக்காதீர்கள். முதல் வருடத்தில் நான் கிள்ளினேன். பஞ்சை அடைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வளரும் பையன் என்றால் இன்னும் கவனம்: அது ஆஞ்சியோஃபைப்ரோமா என்ற, ரத்தக்குழாய் நிறைந்த கட்டியாகவும் இருக்கலாம், மருந்து ஏற்றி சிடி எடுத்த பிறகே மற்றது. நாக்கை அழுத்தி உள்நாக்குக்குப் பின்னாலும் பாருங்கள், சதை அங்கே தொங்கிக்கொண்டிருக்கலாம். கண்ணின் இமையையும் திருப்பிப் பாருங்கள். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு அனுப்பிப் பயனில்லை, வளராது. அறுத்தெடுத்த சதையை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும்.

அறுவைக்கு முழு மயக்கம், வாய் வழியாகக் குழாய், ரத்தம் உள்ளே இறங்காமல் தொண்டையில் துணிப் பேக். ஸ்கோப்பை விட்டு முதலில் காம்பைத் தேடுங்கள். சதையைப் பிடித்து இழுத்தால் பொடிந்துபோகும். சிந்திய வித்து, கீறல் பட்ட இடத்தில் முளைக்கும். காம்போடு எடுத்து, அடியை மின்சூட்டுக் கருவியான காட்டரியால் சுடுங்கள். சுடாமல் வந்தால் பாதி வேலைதான். மூக்கின் நடுத்தண்டில் இருபுறமும் நேருக்கு நேர் சுட்டால் ஓட்டை விழும். பேக்கை எடுத்தாயிற்றா என்று வாய்விட்டுக் கேட்டபின் குழாயை எடுக்கச் சொல்லுங்கள்.

பிறகு டாப்சோன் மாத்திரை, பெரியவருக்கு நாளுக்கு 100 மில்லிகிராம், மாதக்கணக்கில். கொடுக்காதவர்களும் உண்டு; நான் கொடுக்கிறேன், ஜி6பிடி பரிசோதனை பார்த்த பிறகு; அந்த நொதி குறைந்தவருக்கு இந்த மருந்து ரத்த அணுக்களை உடைக்கும். ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது என்பதை வீட்டுக்காரம்மாவிடம் தனியாகச் சொல்லுங்கள். தட்டையும் டம்ளரையும் ஒதுக்கி வைத்த வீட்டைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு வருடம் கழித்து அந்த அண்ணன் திரும்ப வந்தார். அதே மூக்கு, அதே பக்கம். வீட்டுக்குக் குழாய் வந்துவிட்டது என்றார். வாரத்தில் எத்தனை நாள் தண்ணீர் வருகிறது என்று கேட்டுச் சீட்டில் எழுதிக்கொண்டேன்.