சுவர்ப் பாசியில் நீர்க்கரடி பார்ப்பது எப்படி

மழை பெய்யும்போது ஒரு தூக்குவாளியில் கொஞ்சம் தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். நீர்க்கரடி (tardigrade) என்பது பாசியில் வாழும், மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டிய எட்டுக்கால் குட்டிப் பிராணி. அதைத் தேட முதலில் இந்தத் தண்ணீர்தான் வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தால் அதுவும் சரிப்படாது.

தென்காசியில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் விலங்கியல் எடுக்கிறேன். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலிருந்து 2020-இல் வந்த ஓர் ஆய்வுதான் என்னை இதில் இறக்கிவிட்டது. சந்தீப் ஈஸ்வரப்பாவின் குழுவினர் அந்த வளாகத்திலேயே ஒரு காங்கிரீட் சுவரின் பாசியிலிருந்து நீர்க்கரடிகளை எடுத்து, கிருமிகளைக் கொல்லும் புற ஊதா ஒளியில் வைத்தார்கள். வேறொரு வகை நீர்க்கரடியைக் கொன்றுவிடும் அளவு, இவற்றை ஒன்றும் செய்யவில்லை. அதைப்போல நான்கு மடங்கு கொடுத்தும் நூற்றுக்கு அறுபது, 30 நாளைத் தாண்டி உயிரோடு இருந்தன. உடம்பிலுள்ள ஒரு நிறமி அந்த ஒளியை வாங்கி, தீங்கில்லாத நீல ஒளியாக வெளியே விடுகிறதாம். படித்து முடித்ததும் நான் பார்த்தது எங்கள் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரைத்தான்.

பாசியைத் தேர்ந்தெடுப்பதில்தான் காரியம் இருக்கிறது. கிணற்றடியில் வழுக்கும் பச்சைப் பாசி இதற்கு ஆகாது. முதல் மூன்று தடவை நான் அதைத்தான் சுரண்டி எடுத்தேன், புழுக்களைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை. தொட்டால் வெல்வெட் துணி மாதிரி மெத்தென்று, குட்டிக் குட்டி இலைகளோடு திட்டாக வளர்ந்திருக்குமே, அந்தப் பாசியைப் பாருங்கள். அதிலும் நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து பழகிய திட்டு நல்லது. எங்கள் ஊரில் சாரல் ஓய்ந்து வெயில் ஏறியதும் பழுப்பாகச் சுருங்கிக் கிடக்கும், அப்போது எடுப்பேன். ஒரு ரூபாய் நாணயம் அளவு போதும். சுண்ணாம்போ பெயின்டோ அடித்த சுவரை விட்டுவிடுங்கள்.

எடுத்ததை ஒரு கிண்ணத்தில் இலைப்பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்து, மூழ்கும் அளவுக்கு மழைத் தண்ணீர் ஊற்றி இரவு முழுக்க விடுங்கள். காலையில் பாசியை அதே கிண்ணத்தில் பிழிந்துவிட்டு, அரை மணி நேரம் ஆடாமல் வையுங்கள். அடியில் தங்கும் கசடுதான் வேண்டியது. மருந்து சொட்டும் டிராப்பரால் அதில் இரண்டு சொட்டு எடுத்துக் கண்ணாடித் தகட்டில் விடுங்கள்.

பள்ளி மைக்ராஸ்கோப்பில் 40 மடங்கு போதும். ஒளியைக் குறைத்து வைத்தால்தான் தெரியும், இல்லையென்றால் கண்ணாடி மாதிரி இருக்கும் உடம்பு வெளிச்சத்தில் கரைந்துவிடும். நெளிந்து துடிப்பது உருளைப்புழு. தலையில் சக்கரம் சுழல்கிற மாதிரி இருந்தால் அது சக்கர உயிரி. நீர்க்கரடி நீந்தாது. நான்கு ஜோடிக் குட்டைக் கால்களால் எதையாவது பற்றிக்கொள்ளத் தவழ்ந்து தவழ்ந்து போகும், கால் நுனியில் நகங்கள் தெரியும். பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்குள்தான் இருக்கும். என் கண்ணில் முதலில் பட்டது ஒரு மணல் துகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தது. ஆய்வகத்தில் தனியாக இருந்தேன், சத்தம் போட்டுக் கூப்பிட ஆளில்லையே என்றிருந்தது. பத்துச் சொட்டு பார்த்தும் கிடைக்கவில்லையென்றால் சுவரை மாற்றுங்கள்.

கிடைத்ததை உறங்க வைத்தும் பார்க்கலாம். ஈரமான வடிகட்டித் தாள் துண்டில் விட்டு, மூடியில் ஊசியால் இரண்டு ஓட்டை போட்ட டப்பாவில் இரண்டு நாள் வையுங்கள். மெதுவாகக் காய வேண்டும், வெயிலில் வைத்தால் செத்துப்போகும். காலையும் தலையையும் உள்ளே இழுத்துக்கொண்டு சிறு பீப்பாய் போல ஆகிவிடும். உடம்புத் தண்ணீர் கிட்டத்தட்ட முழுக்கப் போயிருக்கும். மழைத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டுக் காத்திருங்கள். சில சமயம் அரை மணி, சில சமயம் பல மணி நேரம் ஆகும். கடைசி ஜோடிக் கால் அசைவதைப் பார்த்துவிட்டால் அன்றைக்கு வேறு வேலை ஓடாது. 1983-இல் அண்டார்டிகாவில் எடுத்து உறைய வைத்த பாசியை ஜப்பானியர்கள் 2014-இல் உருக வைத்தபோது, 30 ஆண்டு கழித்து எழுந்த ஒன்று 19 முட்டை இட்டது, அதில் 14 பொரித்தன.

நீல ஒளியைப் பார்க்க ஆசைப்பட்டு, தண்ணீர் சுத்திகரிக்கும் புற ஊதா விளக்கைக் கழற்றி வைத்துப் பிள்ளைகள் முயலக் கூடாது. கண்ணையும் தோலையும் பொசுக்கிவிடும். எல்லா நீர்க்கரடியும் ஒளிராது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

பார்த்து முடித்ததும் தகட்டிலிருக்கும் சொட்டைக் கிண்ணத்தில் கழுவிவிட்டு, பாசியை எடுத்த இடத்திலேயே வைத்து அந்தத் தண்ணீரை அதன்மேல் ஊற்றிவிடுங்கள்.