கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்: யெஸ் குழுவின் இரட்டை இசைத்தட்டைக் கேட்கும் முறை

1973-ஆம் ஆண்டு டிசம்பரில் இங்கிலாந்தில் வெளியான 'டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்', நீண்ட, பல பகுதிகள் கொண்ட படைப்புகளை நாடும் புரோகிரசிவ் ராக் இசை உச்சத்தில் இருந்த காலத்தின் மிகப் பெரிய முயற்சிகளுள் ஒன்று. இங்கிலாந்தைச் சேர்ந்த யெஸ் குழுவினர் நான்கே படைப்புகளைக் கொண்டு இரண்டு இசைத்தட்டுகளின் நான்கு பக்கங்களையும் நிரப்பினார்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ இருபது நிமிடம். எல்லாம் சேர்ந்து 81 நிமிடம். புதிதாகக் கேட்பவர்களில் பலர் முதல் பக்கத்தின் நடுவிலேயே வழி தவறி, இது நமக்கு ஒத்துவராது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். மொரீசியஸில் தீவின் நாட்டார் இசையான சேகாவின் தாளமும் பிரெஞ்சுப் பாட்டும் கோயில் மேளமும் காதில் விழ வளர்ந்த தமிழர்களுக்கு இந்த ஆல்பத்துக்குள் நுழைய எளிதான வாசல் ஒன்று உண்டு என்பது என் உறுதியான கருத்து. அந்த வாசல் நான்காம் பக்கத்தில் இருக்கிறது.

ஆல்பம் பிறந்த கதையை முதலில் சுருக்கமாகத் தெரிந்துகொள்ளுங்கள். நம்மவர்களைத் திசைதிருப்பக்கூடிய ஒரு செய்தி அதில் இருக்கிறது. 1973 மார்ச் மாதத்தில், யெஸ் குழுவின் முன்னாள் டிரம்ஸ் கலைஞர் பில் புருஃபோர்டின் திருமண விருந்தில், பாடகர் ஜான் ஆண்டர்சனுக்கு கிங் கிரிம்சன் குழுவைச் சேர்ந்த ஜேமி மியூர் பரமஹம்ச யோகானந்தரின் தன்வரலாற்று நூலை அறிமுகப்படுத்தினார். அதே மாதம் ஜப்பானில் சுற்றுப்பயணம் செய்தபோது டோக்கியோ விடுதி அறையில் அந்நூலைப் படித்துக்கொண்டிருந்த ஆண்டர்சன், சாஸ்திரங்களைச் சுருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம் என்று நான்காக வகுத்துக் கூறும் நீண்ட அடிக்குறிப்பு ஒன்றில் தம் படைப்புக்கான சட்டகத்தைக் கண்டார். அவரும் கிதார் கலைஞர் ஸ்டீவ் ஹோவும் ஊர் ஊராகத் தங்கிய விடுதிகளில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் அமர்ந்து மெட்டுகளைச் சேகரித்தார்கள். அமெரிக்காவின் சவான்னா நகரில் காலை ஏழு மணி வரை நீண்ட ஆறு மணி நேர அமர்வு ஒன்றில் நான்கு பகுதிகளுக்கும் அடித்தளம் அமைந்தது. பிறகு லண்டனில் உள்ள மோர்கன் ஸ்டுடியோவில், ஒலிப்பதிவாளர் எடி ஆஃபர்டின் துணையுடன் ஒலிப்பதிவு நடந்தது.

இதைப் படித்ததும், கோயிலில் சமய வகுப்புக்குச் சென்று வளர்ந்தவர்கள் முதல் பக்கத்தில் வேதத்தையும் மூன்றாம் பக்கத்தில் புராணக் கதைகளையும் தேட முற்படுவார்கள். தேட வேண்டாம். நூல்கள் சொல்லும் பொருளை ஆண்டர்சன் விளக்க முனையவே இல்லை. நான்கு என்னும் அமைப்பையும் ஒவ்வொன்றுக்கும் உரிய மனநிலையையும் மட்டுமே எடுத்துக்கொண்டார். வெளிப்படுதல், நினைவுகூர்தல், தொன்மை, சடங்கு என்ற நான்கு மனநிலைகளாக அவற்றை வைத்துக்கொண்டால் போதும். பாடல் வரிகளையும் அப்படியே அணுகுங்கள். ஆண்டர்சன் சொற்களைப் பெரிதும் ஓசைக்காகவே தேர்ந்தெடுப்பவர். வரிக்கு வரி பொருள் காண முயல்பவர் களைத்துப்போவார். முதல் சில முறைகளில் பாடல் வரிகள் அச்சிட்ட தாளைக் கையில் எடுக்காமலே இருப்பது நல்லது.

அடுத்தது அறை. 1960-இல் அலிக்ஸ், கரோல் புயல்கள் அடுத்தடுத்துத் தாக்கிய பின் நம் தீவில் கான்கிரீட் வீடுகள் பெருகின. கான்கிரீட் சுவரும் ஓடு பதித்த தரையும் ஒலியை வாங்கிக்கொள்ளாமல் திருப்பி அனுப்புபவை. ஒரே குரலும் ஒரே கிதாரும் உள்ள பாட்டுக்கு அதனால் பெரிய கேடில்லை. ஐந்து பேர் ஒரே நேரத்தில் ஐந்து வெவ்வேறு வரிகளை வாசிக்கும் இந்த இசையோ அங்கே கலங்கிய குட்டையாகிவிடும். கனமான திரைச்சீலை தொங்கும் அறையில், தரையில் விரிப்புப் போட்டு, ஒலிபெருக்கிக்கு எதிர்ச்சுவரில் ஒரு மெத்தையைச் சாய்த்து வைத்தால் வேறுபாடு உடனே தெரியும். அதற்கு வசதியில்லாதவர்கள் நல்ல ஹெட்போனில் கேட்கலாம். கூரையில் மழை விடாமல் இரையும் கூர்பிப் போன்ற ஊர்களில் இருப்பவர்களுக்கு அதுவே சிறந்தது. பதிப்புகளுள் 2016-இல் ஸ்டீவன் வில்சன் மறுகலவை செய்து வெளியிட்டதைப் புதியவர்களுக்குப் பரிந்துரைக்கிறேன். மூலப் பதிப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக அடர்ந்து கிடக்கும் கருவிகள் அதில் தனித்தனியே காதுக்கு எட்டுகின்றன. 2003-ஆம் ஆண்டுப் பதிப்பில் முதல் பக்கத்தின் தொடக்கத்தில் ஏறத்தாழ இரண்டு நிமிட முன்னிசை கூடுதலாக இருக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இரு பதிப்புகளை மாற்றி மாற்றிக் கேட்கும்போது குழப்பம் வரும்.

ஓர் அமர்வுக்கு ஒரு பக்கம் என்பதை விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் அதிகமாகப் பதிய முடியாது என்ற எல்லையை மனத்தில் வைத்தே இந்த இசை கட்டப்பட்டது. ஒரு பக்கம் முடிந்ததும் எழுந்து தட்டைத் திருப்பும் நேரம் கேட்பவருக்குக் கிடைத்த ஓய்வு. கைபேசியில் கேட்கும்போது ஒரு பகுதி முடிந்த நொடியே அடுத்தது தொடங்கிவிடுகிறது. எனவே அதை நிறுத்திவிட்டு எழுந்துவிடுங்கள்; மிச்சத்தை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது நான்காம் பக்கமான 'ரிச்சுவல்'. இதன் துணைத்தலைப்பும் இதில் திரும்பத் திரும்ப வரும் பல்லவியும் பிரெஞ்சு மொழியில் அமைந்தவை: 'நூ சொம் து சொலெய்'. நம் தீவில் பள்ளிக்கூடம் போன எவருக்கும் 'நாம் சூரியனைச் சேர்ந்தவர்கள்' என்ற அதன் பொருளைச் சொல்ல வேண்டியதில்லை. நான்கு பக்கங்களிலும் எளிதில் மனத்தில் தங்கும் மெட்டு இதுதான். ஆகையால் முதல் முறை கேட்கும்போது அந்த மெட்டு எங்கே தோன்றுகிறது, எங்கே மறைகிறது, மீண்டும் எந்தக் கோலத்தில் வருகிறது என்பதை மட்டும் கவனியுங்கள். பாடலுக்கு முன்னே நீண்ட கருவியிசை உண்டு. அதில் பொறுமை இழக்க வேண்டாம்.

இரண்டாம் முறை கிறிஸ் ஸ்குவயரின் பேஸ் கிதாரை மட்டும் பின்தொடருங்கள். பெரும்பாலான ராக் இசையில் பேஸ் கிதார் அடியில் அடங்கிக் கிடக்கும். ஸ்குவயரோ கம்பியின் கணீரென்ற ஓசை மேலே தெரியும்படி வாசிப்பவர். சில இடங்களில் மெட்டை நடத்திச் செல்வது கிதாரா பேஸா என்று ஐயம் எழும். அங்கே நின்று மீண்டும் ஒருமுறை கேளுங்கள். அந்த ஐயம் தீரும்போது உங்கள் காது ஒரு படி ஏறியிருக்கும்.

மூன்றாம் முறை தாளம். ஏறத்தாழ 14-ஆம் நிமிடத்தை ஒட்டி மெட்டும் குரலும் விலகிக்கொள்ள, டிரம்ஸும் பிற தாளக் கருவிகளும் அரங்கை முழுவதுமாகப் பிடித்துக்கொள்ளும். தீமைக்கும் தூய அன்புக்கும் இடையே நடக்கும் போராட்டத்தை டிரம்ஸ் கலைஞர் ஆலன் ஒயிட்டும் ஸ்குவயரும் காட்டுவதாக ஆல்ப உறையில் குறிப்பு இருக்கிறது. மேற்கத்திய விமர்சகர்கள் பலருக்கு இந்தப் பகுதி வெறும் இரைச்சலாகப் பட்டது. நமக்கு அப்படிப் படவேண்டிய அவசியமில்லை. சேகாவுக்கு வாசிக்கும் பறையான ராவானின் ஆட்டுத்தோலை நெருப்பருகே காட்டி முறுக்கேற்றிவிட்டு வாசிக்கத் தொடங்குவதைப் பார்த்திருப்பவர்களுக்குத் தாளமே தனித்து நின்று பேசும் என்பது தெரியும். சேகாவின் ஆறு எண்ணிக்கை நடையில், இரண்டாகவும் மூன்றாகவும் ஒரே சுற்றைப் பிரித்து உணர நம் உடம்புக்குப் பழக்கம் உண்டு. அந்தப் பழக்கத்தோடு இங்கே மெட்டு எப்போது வரும் என்று காத்திருக்காமல், உயர்ந்த ஓசையுள்ள தோல் எது, தாழ்ந்த ஓசையுள்ளது எது, எது கேட்கிறது, எது பதில் சொல்கிறது என்று பிரித்துக் கேளுங்கள். பிறகு அந்த ஆரவாரம் முழுவதும் ஓய்ந்து, ஆண்டர்சனின் குரல் அதே பிரெஞ்சு வரியோடு மென்மையாகத் திரும்பும். முன்னிருந்த நிமிடங்கள் எதற்காக அமைக்கப்பட்டன என்பது அங்கே புரியும். அந்த ஆரவாரத்தைத் தாண்டி ஓட்டிவிட்டுப் பாடலுக்கு மட்டும் வருபவர்களுக்கு இந்த நிறைவு கிடைக்காது.

நான்காம் பக்கம் பழகிய பின் முதல் பக்கத்துக்கு வாருங்கள். மூலப் பதிப்பில் இது குரலோடு தொடங்குகிறது: ஆண்டர்சன் ஏறக்குறைய ஒரே சுரத்தில் நின்று, மந்திரம் ஓதுவதுபோல் வரிகளை அடுக்குகிறார், மற்றக் குரல்கள் ஒவ்வொன்றாக வந்து சேர, ஒலி பெருகிப் பெருகி, ஒரு கட்டத்தில் கிதாரும் சின்தசைசரும் முதன்மை மெட்டைத் திறந்துவிடுகின்றன. அந்த மெட்டை விட்டுவிடாதீர்கள். மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்திலோ வேறு ஆசிரியரிடமோ கர்நாடக இசை பயின்றவர்களுக்கு, எத்தனை விரிவு செய்தாலும் பாடகர் பல்லவியின் எடுப்புக்கு வந்து சேர்வார் என்ற எதிர்பார்ப்பு இயல்பாக இருக்கும். அதே எதிர்பார்ப்போடு இங்கே உட்காருங்கள். ஒரு தாளில் கோடு போட்டு, மெட்டு திரும்பும் இடங்களின் நிமிடத்தைக் குறித்துக்கொள்வது பெரிதும் உதவும். ஒவ்வொரு முறையும் அது அப்படியே திரும்புவதில்லை என்பதையும் காண்பீர்கள்: ஒருமுறை வேகம் குறைந்திருக்கும், ஒருமுறை கிதாருக்குப் பதிலாகக் குரலில் இருக்கும், ஒருமுறை அதன் பாதி மட்டுமே வந்து வேறொன்றில் கலந்துவிடும்.

இப்பக்கத்தில் ரிக் வேக்மனின் கீபோர்டுகளையும் பிரித்தறியக் கற்றுக்கொள்ளலாம். வயலின் கூட்டம்போல் ஒலிப்பது மெல்லோட்ரான். அதன் ஒவ்வொரு கட்டையின் பின்னும் ஒரு நாடாத்துண்டு இருக்கும். கட்டையை அழுத்தினால் முன்பே பதிந்த ஒலி ஏறத்தாழ எட்டு நொடி ஓடி நின்றுவிடும். எனவே வாசிப்பவர் எந்தச் சுரத்தையும் அதற்கு மேல் பிடித்துவைக்க முடியாது. அந்த மூச்சுவாங்கலை இசையிலேயே உணரலாம். கூர்மையாகப் பாய்ந்து செல்லும் ஒற்றை வரி மினிமூக் சின்தசைசருக்கு உரியது. அது ஒரு நேரத்தில் ஒரு சுரத்தை மட்டுமே ஒலிக்கும் கருவி. பக்கம் முடியும் தறுவாயில் வேக்மன் அதில் வாசிக்கும் தனியாவர்த்தனம் இந்த ஆல்பத்தில் அவருடைய மிகச் சிறந்த நிமிடங்கள் என்பேன்.

அந்த வேக்மனுக்கே இந்த ஆல்பத்தின் மேல் குறை இருந்தது. ஒரு தட்டுக்கு மிஞ்சிய, இரண்டு தட்டுகளுக்குப் போதாத இசையை இழுத்து நிரப்பிவிட்டார்கள் என்பது அவர் கருத்து; 1974-இல் அவர் குழுவை விட்டு விலகினார். இரண்டாம் பக்கமான 'தி ரிமெம்பரிங்' பற்றி அவர் சொன்னதில் உண்மை உண்டு என்று நான் நினைக்கிறேன். அதன் நடுப்பகுதி தொய்கிறது. ஆனாலும் மெல்லோட்ரானின் அலைகள் மெல்ல ஏறி இறங்க, நினைவுகளின் கடலைப் பற்றிய இந்தப் பக்கம் இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்பவர்களைக் கைவிடாது. இதற்குத் தனி உத்தி எதுவும் வேண்டாம்.

மூன்றாம் பக்கமான 'தி ஏன்ஷியன்ட்' தான் கடினமானது. தாளக் கருவிகள் ஒழுங்கின்றி உரசிக்கொள்ள, ஹோவின் ஸ்டீல் கிதார் அவற்றின்மேல் கீச்சிட, ஆண்டர்சன் பல மொழிகளில் சூரியனின் பெயர்களை உரக்கச் சொல்லிக்கொண்டு போகிறார். நேராக இதில் இறங்கினால் பலரும் பின்வாங்குவார்கள். முதல் நாள் 12-ஆம் நிமிடத்துக்குப் பின்னிருந்து மட்டும் கேளுங்கள்: ஹோவ் நைலான் கம்பிக் கிதாரைத் தனியே வாசிக்கிறார், ஸ்பானிய நடை மெல்லத் தலைகாட்டுகிறது, பிறகு எளிய அழகான ஒரு பாடல் வருகிறது. அது பழகிய பின் பக்கத்தின் தொடக்கத்திலிருந்து கேட்டால், முதல் பன்னிரண்டு நிமிடக் கரடுமுரடு அந்தப் பாடலுக்கு எத்தனை பெரிய வெளிச்சத்தைத் தருகிறது என்பது விளங்கும். ரோஜர் டீன் வரைந்த உறையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்க ஏற்ற பக்கமும் இதுவே. நீந்தும் மீன்களுக்குப் பின்னே மாயர்களின் கோயிலும் நாஸ்கா சமவெளியின் கோடுகளும் அதில் இருக்கின்றன. அட்டை பெரிதாக உள்ள பழைய இசைத்தட்டு கிடைத்தால் நல்லது. கைபேசித் திரையில் இந்தக் கோடுகள் தெரிவதில்லை.

நான்கும் தனித்தனியே பழகிய பிறகே ஆல்பத்தை ஒன்று முதல் நான்கு வரை முழுமையாகக் கேளுங்கள். அடுத்த நாள் வேலைக்குப் போக வேண்டாத விடுமுறை மாலையாகப் பார்த்து வைத்துக்கொண்டு, பக்கங்களுக்கு இடையே ஐந்து நிமிடமாவது இடைவெளி விடுங்கள். அப்போது நான்காம் பக்கத்தில் ஹோவின் கிதார் முந்தைய மெட்டுகளை ஆங்காங்கே தொட்டுச் செல்வதைக் காது தானாகவே பிடிக்கும். அவற்றுள் ஒன்று இந்த ஆல்பத்தைச் சேர்ந்ததே இல்லை; 1972-இல் வெளியான 'குளோஸ் டு தி எட்ஜ்' ஆல்பத்திலிருந்து வருகிறது. அதன் தலைப்புப் பாடல் ஒரு பக்கம் முழுவதும் நீளும் 18 நிமிடப் படைப்பு. அடுத்துக் கேட்க வேண்டியது அதுதான். தாளப் பகுதியில் மனம் சென்றவர்கள் 1974-இல் பாட்ரிக் மொராஸ் கீபோர்டு வாசித்த 'ரிலேயர்' ஆல்பத்தின் முதல் பக்கத்தையும் தேடிக் கேளுங்கள். அங்கே போர்க்கள ஆரவாரம் இதைவிடக் கடுமையாக இருக்கும், ஆனால் இருபத்திரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.