தீட்டாவும் ரிப்பிளும் வச்சு சிஏ1 நியூரான் வகையை பிரிக்கிறது எப்படி

ஹிப்போகாம்பஸ்ங்கிற மூளைப் பகுதியோட சிஏ1 பாகத்துல எடுத்த ரெக்கார்டிங் இருக்கு, எந்த ஸ்பைக் (நியூரானோட மின் துடிப்பு) எந்த செல்லோடதுன்னு பிரிக்கிற ஸ்பைக் சார்ட்டிங்கும் முடிஞ்சுதுன்னு வச்சுக்கோங்க. அகலமான ஸ்பைக், மெதுவா ஃபயர் ஆனா பிரமிடல் (தூண்டுற செல்), ஒல்லியா வேகமா இருந்தா இன்டர்நியூரான் (அடக்குற செல்), இதோட நிறைய பேர் நிறுத்திடுறாங்க. ஆனா இன்டர்நியூரானுக்குள்ளயே பாஸ்கெட், ஆக்சோ-ஆக்சானிக், பைஸ்ட்ராட்டிஃபைட், ஓ-எல்எம்னு ஒரு கூட்டமே இருக்கு, அதுக்கு ஸ்பைக் ஷேப் மட்டும் பத்தாது, ரிதம் பாக்கணும்: தீட்டாங்கிற மெதுவான மூளை அலையிலயும், ரிப்பிள்ங்கிற குட்டி வேக அலையிலயும் செல் எப்ப ஃபயர் ஆகுதுன்னு.

2003ல கிளவுஸ்பெர்கர், சொமோகி குழு இத நேச்சர்ல போட்டாங்க. மயக்கம் குடுத்த எலியில ஒவ்வொரு செல்லா ரெக்கார்ட் பண்ணி, அதே செல்லுக்குள்ள நியூரோபயோட்டின்ங்கிற அடையாளப் பொருள ஏத்தி, ஆக்சான் எங்க போகுதுன்னு மைக்ராஸ்கோப்ல பாத்து வகைய உறுதி பண்ணிருக்காங்க, அதான் அவங்க குடுத்த ஃபேஸ் (அலையோட எந்த இடத்துல செல் ஃபயர் ஆகுதுங்கிற டிகிரி) நம்பருக்கெல்லாம் மதிப்பு.

முதல்ல எல்எஃப்பி (எலக்ட்ரோட சுத்தி இருக்குற செல்களோட கூட்டு மின் அலை) சேனல். பிரமிடல் லேயர்ல இருக்குறதத்தான் எடுக்கணும், ரிப்பிள் பவர் எதுல அதிகமோ அது. இங்க சொதப்பினா மொத்தமும் போச்சு, ஏன்னா கீழ ஃபிஷர்ங்கிற பிளவு பக்கம் இறங்க இறங்க தீட்டா ஃபேஸ் கிட்டத்தட்ட 180 டிகிரி திரும்பிடும். 5–10 ஹெர்ட்ஸ் ஃபில்டர் போடுங்க, முன்னாடியும் பின்னாடியும் ரெண்டு தரம் ஓட்டுங்க, இல்லன்னா ஃபில்டரே ஃபேஸ தள்ளி விட்டுடும். அப்புறம் நேரத்துக்கு நேரம் ஃபேஸ் குடுக்குற ஹில்பர்ட் டிரான்ஸ்ஃபார்ம், அலையோட அடி (ட்ரஃப்) 0, உச்சி (பீக்) 180.

தீட்டா நல்லா இருக்குற நேரத்து ஸ்பைக்க மட்டும் எடுத்து, ஒரு ஃபேஸ் பக்கம் குவியுதான்னு பாக்குற ராலே டெஸ்ட் போடுங்க. சராசரி ஃபேஸுக்கு சாதா ஆவரேஜ் வேண்டவே வேண்டாம்: 350லயும் 10லயும் ஃபயர் ஆகுற செல்லுக்கு சாதா ஆவரேஜ் 180னு வரும், ட்ரஃப்ல இருக்குற செல் பீக் செல்லா மாறி உக்காந்துடும். டிகிரிய வட்டமா எடுத்துக்குற சர்க்குலர் மீன் தான்.

ரிப்பிளுக்கு 130–200 ஹெர்ட்ஸ் ஃபில்டர், என்வெலப் (அலையோட உயரம் ஏறி இறங்குறது), அது மீன விட 5 எஸ்டி (ஸ்டாண்டர்ட் டீவியேஷன்) மேல போறத பிடிங்க, ஆனா கண்ணால பாக்காம விடாதீங்க, எலி மென்னாலே தசை நாய்ஸ் ரிப்பிள் மாதிரி வந்து நிக்கும். ரிப்பிளுக்கு கொஞ்சம் முன்னாடி, ரிப்பிள் நடக்கும்போது, அது முடிஞ்சதும்னு மூணு இடத்துலயும் ஃபயரிங் ரேட் பாருங்க.

இப்ப ரெண்டையும் சேத்து படிங்க. தீட்டா இறங்குற பக்கம், சுமாரா 270, ரிப்பிள்ல ரேட் ஏறுது: பிவி (பார்வால்புமின்ங்கிற புரதம் இருக்குற) பாஸ்கெட். பீக் கிட்ட ஃபயர் ஆகி, ரிப்பிளுக்கு முன்னாடி கத்திட்டு அப்புறம் கப்சிப்: ஆக்சோ-ஆக்சானிக். பைஸ்ட்ராட்டிஃபைடும் ஓ-எல்எம்மும் ரெண்டுமே ட்ரஃப் கிட்ட தான், தீட்டாவ மட்டும் பாத்தா ஒண்ணுன்னு தோணும், ரிப்பிள்ல தான் குட்டு உடையுது, முன்னது சரமாரியா ஃபயர் ஆகும், பின்னது அடங்கிடும்.

ஆனா இது மயக்கத்துல இருக்குற எலிக்கு. 2012ல முழிச்சிருக்குற சுண்டெலியில பாத்தப்ப ஓ-எல்எம்மும் ரிப்பிள்ல ஃபயர் ஆச்சு. அதனால உங்க டேட்டா முழிச்சிருக்குற மிருகத்தோடதுன்னா, ரிப்பிள்ல ஃபயர் ஆகுதுங்கிற ஒரே காரணத்துக்காக ஓ-எல்எம் இல்லன்னு தள்ளாதீங்க, லேபிள்லயும் ‘ஓ-எல்எம் மாதிரி’ன்னு தான் போடணும். ஆப்டோ-டேகிங் (குறிப்பிட்ட வகை செல் ஒளி பட்டா ஃபயர் ஆகுற மாதிரி செஞ்சு கண்டுபிடிக்கிறது) இருந்தா ரொம்ப நல்லது, ஆனா அதுவும் பாதி தான் காப்பாத்தும்: பிவி டேக்ல பாஸ்கெட், ஆக்சோ-ஆக்சானிக், பைஸ்ட்ராட்டிஃபைட் மூணும் மாட்டும், அங்கயும் கடைசியா ஃபேஸ தான் பாக்கணும்.