ஷிப்பிங் ஆபீஸுக்கு மாதிரிக் கப்பல்: லிஃப்ட் அளவிலிருந்து கண்ணாடிப் பெட்டி வரை

சென்னை லிங்கி செட்டித் தெருவிலோ ராஜாஜி சாலையிலோ உள்ள ஒரு ஷிப்பிங் ஆபீஸ் வரவேற்பறைக்கு மாதிரிக் கப்பல் கேட்டால், முதலில் டேப்போடு போய் அவர்களுடைய லிஃப்டை அளந்துவிடுங்கள். 225 மீட்டர் நீளமும் 32.2 மீட்டர் அகலமும் உள்ள பனாமாக்ஸ் (பனாமா கால்வாயின் பழைய மதகுகளுக்குள் அடங்கும் அளவு) சரக்குக் கப்பல் 1:200 அளவில் 1125 மி.மீ. வரும். சுற்றிலும் 75 மி.மீ. இடம் விட்டால் பெட்டி 1275 மி.மீ. ஆகிவிடும். பழைய கட்டடத்தின் சின்ன லிஃப்டுக்குள் அது போகாது, படிக்கட்டு வளைவிலும் திரும்பாது. 1:250 என்றால் கப்பல் 900, பெட்டி 1050. ஒருவர் முன்னும் ஒருவர் பின்னும் பிடித்துத் தூக்கிப் போய்விடலாம். கீழே சொல்லும் அளவெல்லாம் 1:250-க்குத்தான்.

ஆபீஸில் ஜி.ஏ. பிளான் (கப்பலின் பொது அமைப்பு), லைன்ஸ் பிளான் (உடலின் வளைவுகள்), டாக்கிங் பிளான் (அடிப்பக்கம்) மூன்றையும் கேளுங்கள். கடைசியாக டிரை டாக்கில் (கப்பலைத் தண்ணீரில்லாமல் நிறுத்திப் பழுது பார்க்கும் இடம்) எடுத்த போட்டோக்களும் வேண்டும். பிளான் கப்பல் கட்டியபோது போட்டது. அதற்குப் பிறகு கிரேன் மாறியிருக்கலாம், புகைபோக்கிச் சின்னம் மாறியிருக்கலாம். பி.டி.எஃப்பை பிரிண்ட் எடுத்ததும் ஸ்கேல் கோட்டை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் அளந்து பாருங்கள். பிரிண்டர் ஒரு பக்கம் மட்டும் இழுத்துவிடுவது உண்டு.

பெயர் எழுத்து, பதிவுத் துறைமுகம், புகைபோக்கிச் சின்னம், நிறங்கள் ஆகியவற்றை ஒரே தாளில் போட்டுக் கையெழுத்து வாங்காமல் மரத்தைத் தொடாதீர்கள். நிற மாதிரியை உள்ளங்கை அகலப் பலகையில் அடித்து, அவர்கள் ஆபீஸ் விளக்குக்குக் கீழேயே காட்டுங்கள். பட்டறை டியூப் லைட்டில் நீலமாகத் தெரிந்தது அங்கே கத்தரிப்பூ நிறமாகிவிடும்.

அடுத்தது உடல். பலகைகளை அடுக்கடுக்காக ஒட்டித்தான் அதைச் செதுக்குகிறோம். இங்கேதான் நேரம் போகும், போகவும் வேண்டும். குமிழ் மரம் நல்லது: எடை குறைவு, உளிக்கு இணங்கும், நன்றாகக் காய்ந்தபின் அதிகம் முறுக்காது. தேக்கு வேண்டாம், அதன் எண்ணெய்ப்பசை பசையையும் பெயிண்டையும் சரியாகப் பிடிக்கவிடாது. சைடன்ஹாம்ஸ் சாலையில் வாங்கிய பலகையை உடனே வெட்டாமல், நடுவில் குச்சி கொடுத்து அடுக்கி இரண்டு மூன்று வாரம் பட்டறைக் காற்றிலேயே விட்டுவிடுங்கள்.

கப்பலின் ஆழம் (அடியிலிருந்து மேல்தளம் வரை) 20 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதிரியில் 80 மி.மீ. லைன்ஸ் பிளானில் 2 மீட்டருக்கு ஒரு நீர்மட்டக் கோடு (உடலைக் கிடையாக வெட்டினால் வரும் வடிவம்) எடுத்தால், அடுக்குக்கு 8 மி.மீ. வீதம் 10 அடுக்கு. பலகையை 8-க்கு இழைக்கும்போது அடுக்குக்கு 0.2 மி.மீ. தப்பினாலே மொத்தத்தில் 2 மி.மீ. கூடிவிடும், அசல் கப்பலில் அது அரை மீட்டர். அதனால் ஒவ்வொரு பலகையையும் வெர்னியரில் மூன்று இடத்திலாவது பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு அடுக்கையும் இடது, வலது என இரண்டு பாதியாக வெட்டுங்கள். நடு மூட்டுதான் மையக்கோடு. எவ்வளவு செதுக்கினாலும் அழியாது. மேலும் கீழும் இரண்டிரண்டு அடுக்கை விட்டுவிட்டு, மற்றவற்றை நடுவில் குடைந்தால் எடை குறையும். பீடத்தின் பித்தளைத் தண்டுக்கு 6 மி.மீ. நட்டு இரண்டையும் மூடும் முன்பே கெட்டி மரத்துண்டில் பதித்துவிடுங்கள். பிறகு கீழிருந்து துளை போட்டால் அணியம் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். (காசிமேட்டில் படகின் முன்முனையை அப்படித்தான் சொல்வார்கள், இந்த வேலைக்கும் அந்தச் சொல்லே போதும்.)

அடுக்குகளைச் சேர்க்க ஆணி கூடாது. உளி மழுங்கும், பின்னால் துருவும் வெளியே கசியும். மூங்கில் குச்சியை முளையாக அடித்து, பெவிகால் தடவி, விரற்கடைக்கு ஒரு கிளாம்ப் போட முடியாவிட்டாலும் 10 செ.மீ.க்கு ஒன்று போட்டு, ஒரு நாள் முழுக்க விடுங்கள்.

செதுக்க, ஸ்டேஷன் (லைன்ஸ் பிளானில் உடலைக் குறுக்கே வெட்டிக் காட்டும் இடம்) 0 முதல் 20 வரை, அந்தந்த இடத்து வளைவுக்கு வெட்டிய 21 அச்சுத் தகடு வேண்டும். தகட்டின் விளிம்பில் கலர் சாக்பீஸைத் தேய்த்து உடலில் வைத்து அழுத்துங்கள். நிறம் ஒட்டும் இடம் மேடு, அதை மட்டும் எடுங்கள். நடுவில் நேராக ஓடும் பகுதியை விரலால் தேய்த்தால் அலை விழும். ஒரு அடி நீளக் கட்டையில் உப்புத்தாளைச் சுற்றித் தேய்க்க வேண்டும். பட்டி பார்த்து பிரைமர் அடித்ததும் டியூப் லைட்டின் பிம்பத்தை உடல் நெடுக ஓடவிட்டுப் பாருங்கள். எங்கே அது நெளிகிறதோ அங்கே இன்னும் வேலை இருக்கிறது.

என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் அடிப்பது காலையில். மதியம் கடற்காற்று ஏறினால் ஈரம் படிந்து பெயிண்ட் வெளுத்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் பேசவே வேண்டாம். மாஸ்கிங் டேப் ஒட்டியபின் அதன் விளிம்பில் முதலில் அடிநிறத்தையே ஒரு கோட் அடித்தால், மேல்நிறம் உள்ளே கசியாது. கன்னங்கருப்பு பொம்மைத்தனமாகத் தெரியும். கொஞ்சம் வெள்ளை கலந்து, பளபளப்பையும் பாதியாக்குங்கள்.

கைப்பிடிக் கம்பிகள்: அசலில் குறைந்தது 1 மீட்டர் உயரம், கீழ்க் கம்பிக்கு அடியில் உள்ள இடைவெளி 230 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது, மற்ற இடைவெளிகள் 380-க்கு மேல் கூடாது. மாதிரியில் மூன்று கம்பி 0.9, 2.4, 4 மி.மீ. உயரத்தில் வரும். 0.3 மி.மீ. பித்தளைக் கம்பியில் கால், 0.2-இல் குறுக்குக் கம்பி. சால்டர் வைத்துப் பற்றவைத்தபின் சோடா உப்புத் தண்ணீரில் கழுவாவிட்டால், மிச்சமிருக்கும் பிளக்ஸ் (பற்றவைக்கத் தடவிய பசை) பச்சைக் களிம்பாகப் பூக்கும்.

ஆபீஸில் ஒரு கேப்டன் இருப்பார். அவர் கண் நேரே போவது எழுத்துகளுக்கு. ஐ.எம்.ஓ. எண்ணை (கப்பலுக்குரிய நிரந்தர ஏழு இலக்க அடையாள எண்) நீங்களே சரிபார்க்கலாம். முதல் ஆறு இலக்கங்களை முறையே 7, 6, 5, 4, 3, 2-ஆல் பெருக்கிக் கூட்டினால் வரும் தொகையின் கடைசி இலக்கம்தான் ஏழாவது இலக்கம். 9074729-க்கு 139 வரும். கடைசி 9, சரி. பாரக்கோட்டு வட்டம் (எவ்வளவு ஆழம் வரை சரக்கு ஏற்றலாம் என்று கப்பலின் பக்கத்தில் போடும் குறி) அசலில் 300 மி.மீ., இங்கே 1.2. அதன் பக்கத்துக் கோடுகளில் கோடை, குளிர்காலக் கோடுகள் அணியம் நோக்கியும், நன்னீர்க் கோடுகள் பின்முனை நோக்கியும் இருக்கும். அதனால் இரு பக்கமும் கண்ணாடிப் பிம்பம் போல அமையும். ஆனால் கம்ப்யூட்டரில் அப்படியே திருப்பிப் போட்டால் எழுத்தும் திரும்பிவிடும். எழுத்தை மட்டும் தனியாக வைத்து டெக்கால் (ஒட்டுப்படம்) அடிக்க வேண்டும்.

பெட்டிக்கு 6 மி.மீ. அக்ரிலிக். தேவராஜ முதலி தெருவில் விசாரித்துப் பாருங்கள். மூடிய பெட்டிக்குள் எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை), பிளைவுட் இரண்டிலிருந்தும் அமில ஆவி மெல்ல வெளிவரும். ஈயத்தில் வார்த்த நங்கூரமோ வின்ச்சோ உள்ளே இருந்தால் சில வருடத்தில் வெள்ளைப் பொடியாக உதிரும். ஈயமே இல்லாமல் பித்தளையிலோ ரெசினிலோ செய்யுங்கள். அடிப்பலகையில் கண்ணுக்குத் தெரியாத காற்றுத் துளைகள் விடுங்கள். வினிகர் வாசனை அடிக்கும் சிலிக்கோனும் அதே கெடுதல்தான், நியூட்ரல் வகை கேளுங்கள். ஃபெவிக்விக் ஒட்டிய அன்றே மூடினால் அக்ரிலிக்கின் உட்புறம் பனி படர்ந்த மாதிரி ஆகிவிடும். ஒரு வாரம் திறந்தே இருக்கட்டும்.

பெட்டியை ஒப்படைக்கும்போது ஹவுஸ்கீப்பிங் ஆளையும் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்: தின்னர், ஸ்பிரிட், கண்ணாடி துடைக்கும் ஸ்பிரே எதுவும் படக்கூடாது. லேசரில் வெட்டிய விளிம்பில் அவை பட்டால் மயிரிழை மயிரிழையாக விரிசல் ஓடும். சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பழைய பனியன் துணி போதும்.