சர்வர் எவ்வளவு சுமை தாங்கும்? கே6 வைத்துச் சோதிக்கும் முறை

கே6 என்பது சர்வருக்குப் போலிச் சுமை அனுப்பிச் சோதிக்கும் கருவி. அதை ஓட்டுவதற்கு முதலில் ஓர் எண் வேண்டும். ஆக்சஸ் லாகில் (சர்வருக்கு வந்த ரிக்வெஸ்ட்டுகளின் பதிவேடு) கடந்த மாதத்தின் மிகப் பரபரப்பான நிமிடத்தைத் தேடி எடுத்து, அதில் வந்த ரிக்வெஸ்ட்டுகளை 60-ஆல் வகுங்கள். நொடிக்கு 200 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். "ஒரே நேரத்தில் 10,000 பேர் வந்தால் தாங்குமா?" என்ற கேள்வியை ஒதுக்கிவிடுங்கள். அவர்கள் எத்தனை நொடிக்கு ஒருமுறை கிளிக் செய்கிறார்கள் என்று தெரியாதவரை அதற்குப் பொருளே இல்லை.

பலரும் சறுக்குவது அடுத்த படியில்தான். கே6-இல் 100 மெய்நிகர் பயனர்களை ஓடவிட்டால், ஒவ்வொருவரும் பதில் வந்த பிறகே அடுத்த ரிக்வெஸ்ட்டை அனுப்புவார். சர்வர் 10 நொடி உறைந்துபோனால் 100 பேரும் காத்துக்கிடப்பார்கள். ரிப்போர்ட்டில் 100 மோசமான பதில்கள் மட்டும் பதிவாகும். நிஜத்தில் அந்த 10 நொடியில் 2,000 ரிக்வெஸ்ட் வந்து குவிந்திருக்கும். ஆகவே 'ராம்பிங் அரைவல் ரேட்' எக்ஸிகியூட்டரையே (கே6 சுமை அனுப்பும் முறை) எடுங்கள். பதில் வராவிட்டாலும் அது அனுப்பிக்கொண்டே இருக்கும். அதில் கொடுக்கும் வேகம் இட்டரேஷன் (ஸ்கிரிப்ட் ஒருமுறை முழுதாக ஓடுவது) கணக்கு: ஒரு இட்டரேஷனில் 3 ரிக்வெஸ்ட் இருந்தால் சுமை மும்மடங்கு. 'டிராப்டு இட்டரேஷன்ஸ்' (தொடங்க முடியாமல் விடுபட்டவை) பூஜ்ஜியத்தைத் தாண்டினால் கேட்ட வேகத்தில் கே6 அனுப்பவில்லை என்று அர்த்தம். மேக்ஸ் வியூஸை (மெய்நிகர் பயனர்களின் உச்ச எண்ணிக்கை) கூட்டி மறுபடி ஓட்டுங்கள்.

கே6 தனி மெஷினில் இருக்கட்டும். லினக்ஸில் ஒரு புராசஸ் திறக்கக்கூடிய ஃபைல்களின் வரம்பு பெரும்பாலும் 1024; ஒவ்வொரு இணைப்பும் ஒரு ஃபைலாகவே கணக்காகும். யூலிமிட் கட்டளை மூலம் 65535 ஆக்குங்கள். கீப்-அலைவ் (ஒரே இணைப்பை மீண்டும் பயன்படுத்துவது) இல்லாவிட்டால் இன்னொரு சுவர்: வெளியே செல்லும் போர்ட்டுகள் 32768 முதல் 60999 வரைதான், மூடிய ஒவ்வொன்றும் 60 நொடி டைம்-வெயிட் எனும் காத்திருப்பு நிலையில் நிற்கும். ஒரே முகவரிக்கு நொடிக்குச் சுமார் 470 புது இணைப்புகளோடு உங்கள் மெஷினே மூச்சுத் திணறும். பழியோ சர்வர் மேல் விழும்.

டேட்டாபேஸில் நிஜ அளவுக்கு டேட்டா போடுங்கள். ஒரே யூசர் ஐடியைத் திரும்பத் திரும்பக் கேட்டால் கேஷைத்தான் (நினைவில் சேமித்த பழைய பதில்) சோதிப்பீர்கள். எஸ்எம்எஸ், பேமென்ட் கேட்வேக்களுக்கு டம்மி வையுங்கள்.

இனி நொடிக்கு 100, 200, 300, 400 ரிக்வெஸ்ட் என்று படிப்படியாக ஏற்றுங்கள், ஒவ்வொன்றிலும் 5 நிமிடம். சராசரியை நம்பாமல் பி99-ஐ (100-இல் 99 ரிக்வெஸ்ட்டுகள் எவ்வளவு நேரத்துக்குள் முடிகின்றன என்ற எண்) பாருங்கள். அது திடீரென எகிறும் படியில், சிபியு 30 சதவீதத்திலேயே கிடந்தால் கனெக்‌ஷன் பூலை (டேட்டாபேஸுக்குத் திறந்து வைத்த இணைப்புகளின் தொகுப்பு) சந்தேகியுங்கள். ஜாவாவில் பயன்படும் ஹிகாரிசிபி பூலில் இயல்பாக 10 கனெக்‌ஷன். ஒரு ரிக்வெஸ்ட் அதை 50 மில்லிசெகண்ட் பிடித்து வைத்தால் நொடிக்கு 200-க்கு மேல் போக வழியே இல்லை. மிச்சமெல்லாம் வரிசையில் நிற்கும், 30 நொடியில் டைம்-அவுட் ஆகும். அவசரப்பட்டுப் பூலைப் பெரிதாக்காதீர்கள். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் இயல்பாக 100 இணைப்புகளையே ஏற்கும், அதிலும் 3 சூப்பர்யூசருக்கு. 5 சர்வர்களில் தலா 20 வைத்தாலே கதவு மூடிவிடும். குவெரியை 50-இலிருந்து 20 மில்லிசெகண்டாகக் குறைத்தால் அதே 10 கனெக்‌ஷன் 500-ஐத் தாங்கும்.

உடைந்ததும் நிறுத்திவிடாதீர்கள். சுமையை 200-க்கு இறக்கி 10 நிமிடம் கவனியுங்கள். பி99 பழைய நிலைக்கு இறங்காவிட்டால் ரிட்ரைகளைப் பாருங்கள்: தோற்ற ஒவ்வொன்றையும் கிளையன்ட் மொத்தம் 3 முறை அனுப்பினால் 200 என்பது 600 ஆகிவிடும். ரிட்ரைகளுக்கு இடையே இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போய், அதில் கொஞ்சம் ரேண்டம் நேரமும் சேருங்கள். வரிசை நிரம்பியதும் சர்வர் உடனே 503 (இப்போது சேவை கிடைக்காது என்ற பதில்) சொல்லித் திருப்பி அனுப்பட்டும்.