காயலோரம் அக்ரிலிக்: விடுமுறையில் வரைவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆலப்புழைக் காயலோரம் அக்ரிலிக் வண்ணத்தில் வரைய உட்காருவோரின் படத்தை முதலில் கெடுப்பது, டியூபிலிருந்து அப்படியே எடுத்துப் பூசும் பச்சைதான். சாப் கிரீனில் கொஞ்சம் வெள்ளை கலந்து தோப்பு முழுவதையும் முடித்துவிடுகிறார்கள். பிறகு எல்லா மரமும் ஒரே தட்டையான பச்சையில் நிற்கும்.

தென்னை ஓலையின் மேற்புறம் வழவழப்பானது. வெயில் விழும் இடத்தில் அது வானத்தைப் பிரதிபலிப்பதால் நீலம் கலந்த சாம்பலாக, சில இடங்களில் ஏறக்குறைய வெள்ளையாகத் தெரியும். ஓலைக்குப் பின்னால் சூரியன் இருந்தால் அதே ஓலை பளிச்சென்ற மஞ்சள் பச்சையாகிவிடும். இரண்டும் ஒரே மரத்திலேயே இருக்கும். ஆகவே அல்ட்ராமரைன் நீலமும் லெமன் யெல்லோவும் கலந்து உங்கள் பச்சையை நீங்களே உண்டாக்குங்கள். நிழலுக்கு அதில் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பைச் சேருங்கள். வானம் படும் ஓலைக்கு நீலமும் டைட்டானியம் ஒயிட்டும் தூக்கலாக இருக்கட்டும். ஒளி ஊடுருவும் ஓலைக்கு மஞ்சளை மட்டும் கூட்டுங்கள்; வெள்ளை சேர்த்தால் அந்த ஒளிர்வு போய்விடும். தாலோ கிரீன் எடுத்தால் குண்டூசித் தலையளவு போதும். அதன் சாயவலு கலவை முழுவதையும் விழுங்கிவிடும்.

மரத்தின் உருவத்திலும் கவனம் வேண்டும். எல்லா மட்டைகளையும் ஒரே நீளத்தில், குடைக்கம்பிகளைப் போல் விரித்து வரைவது பொதுவான பிழை. குருத்து நிமிர்ந்து நிற்கும், நடு மட்டைகள் வளைந்து சாயும், பழுத்தவை மஞ்சளும் பழுப்புமாகத் தண்டையொட்டித் தொங்கும். நம்மை நோக்கி வரும் மட்டை குட்டையாகத்தான் தெரியும். அதைக் குட்டையாகவே வரையும் துணிச்சல் வேண்டும். தண்டுக்குச் சாக்லேட் பழுப்பு வேண்டாம், அது சாம்பல்தான்.

காயல் நீரை நீலமாகப் பூசாதீர்கள். வெண்மணலின் மேல் ஆழமில்லாத தெளிந்த கடலில் காணும் நீலப்பச்சை இங்கே கிடையாது. காயலின் நிறம் கலங்கிய பச்சைப்பழுப்பு. அதன் மேல் வானமும் கரையும் படிந்திருக்கும். பிரதிபலிப்பை முதலில் மேலிருந்து கீழாக இழுத்துவிட்டு, ஈரம் காய்வதற்குள் உலர்ந்த பிரஷ்ஷால் கிடைமட்டமாக ஒருமுறை தடவுங்கள். கரையிலுள்ள இருட்டு நீரில் சற்று வெளிறியும், வெளிச்சம் சற்று மங்கியும் தெரியும். இந்தச் சிறு வித்தியாசத்தை விட்டுவிட்டால் நீர் கண்ணாடியாகிவிடும்.

அடுத்த தொல்லை பெயின்ட் காயும் வேகம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான வெயிலிலும் காற்றிலும் மெல்லிய பூச்சு சில நிமிடங்களில் காய்ந்துவிடும். தட்டில் பிழிந்த பெயின்ட்டும் தோல் கட்டும். பலர் தண்ணீரை ஊற்றி ஊற்றி இழுக்கிறார்கள். அளவு மீறினால் பசைத்தன்மை குறைந்து, ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு பூசிய பரப்பில் நிறம் வலுவாக ஒட்டாது. மூடியுள்ள தட்டையான டப்பாவில் நனைத்துப் பிழிந்த டிஷ்யூவை நான்கு மடிப்பாக விரித்து, அதன் மேல் பேக்கிங் பேப்பர் (கேக் சுடும்போது அடியில் விரிக்கும் தாள்) போட்டு அதில் நிறம் கலக்குங்கள். மூடி வைத்தால் மறுநாளும் ஈரம் நிற்கும். காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டரை அதன் புட்டியில் சொன்ன அளவுக்கு மேல் சேர்த்தால் படம் நாள்கணக்கில் பிசுபிசுக்கும். மழைக்காலத்தில் நிலைமை தலைகீழ்: மேல்தோல் காய்ந்திருக்க, அடி ஈரமாகவே இருக்கும். அதன் மேல் அழுத்திப் பூசினால் கீழ்ப்பூச்சு உரிந்து வரும்.

காய்ந்ததும் நிறம் ஒரு படி கருக்கும். ஈரமாக இருக்கும்போது வெண்மையாகத் தெரியும் பசை, காய்ந்தபின் தெளிந்துவிடுவதே காரணம். கலவையை ஒரு துண்டுக் காகிதத்தில் தடவி, காயவிட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். வானத்துக்கு இது மிக அவசியம். படத்தின் மீது நேர் வெயில் விழவும் விடாதீர்கள். அங்கே எல்லாம் பிரகாசமாகத் தெரிவதால் கை தானாக இருட்டாகக் கலக்கும், அறைக்குள் கொண்டுவந்தால் படம் மூழ்கிப்போயிருக்கும். குடையோ மரநிழலோ வேண்டும். நிறக் கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள்.

நேரம் காலை ஆறரை முதல் ஒன்பது வரை, மாலை நான்குக்குப் பிறகு. நண்பகலில் நிழல்கள் காலடிக்குள் சுருங்கி உருவங்கள் தட்டையாகும். அந்த இரண்டரை மணி நேரத்துக்குள் முடிய, 6×8 அங்குலத்துக்கு மேல் போகாதீர்கள். நிழலின் எல்லையை முதல் ஐந்து நிமிடத்திலேயே பென்சிலால் குறித்துவிட்டு, பிறகு சூரியனைத் துரத்தாமல் அந்தக் குறிப்பையே பின்பற்றுங்கள். வர்க்கலை போகிறவர்கள் கவனிக்க: அங்குள்ள கடலோரச் செம்பாறைக் குன்று மேற்கு நோக்கி நிற்பதால் காலையில் முகப்பு முழுதும் நிழல். அதன் சிவப்பு மாலையில்தான் எழும்.

பிரஷ் கழுவிய நீரைக் காயலில் கொட்டவே கூடாது. அக்ரிலிக் என்பது பிளாஸ்டிக். பிரஷ்ஷை முதலில் டிஷ்யூவில் துடைத்தால் கழிவு பெருமளவு குறையும். மிஞ்சிய நீரைப் பாட்டிலில் அடைத்து எடுத்துவந்து, வண்டல் படிந்ததும் அதைத் துடைத்துக் குப்பையில் போடுங்கள்.

ஊர் திரும்பும்போது படங்களை நேருக்கு நேர் அடுக்காதீர்கள். அக்ரிலிக் படலம் சூட்டில் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் நிறத்தோடு வரும். செய்தித்தாளும் பிளாஸ்டிக் உறையும் ஒட்டக்கூடியவையே. இடையில் சிலிக்கான் பூசிய பேக்கிங் பேப்பர் வையுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் மட்டும் விட்டுவிடாதீர்கள்.