ஒரே டெலி லென்ஸில் விலங்கும் நிலக்காட்சியும்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

தூரத்தில் இருப்பதை நெருக்கிக் காட்டும் டெலி லென்ஸ் கைக்கு வந்த புதிதில் பலருக்கும் நடப்பது இது. பருந்து பறக்கும் என்று ஷட்டர் ஸ்பீடை 1/2000 விநாடிக்கு ஏற்றி வைத்திருப்பார்கள். அது போய்விடும். எதிரே மலைமேல் இளவெயில் விழும். செட்டிங்கைத் தொடாமல் அப்படியே க்ளிக். கணினியில் திறந்தால், அசையவே அசையாத மலைக்கு ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) 3200, படம் முழுக்க நாய்ஸ், அதாவது புள்ளி புள்ளியான இரைச்சல். சரி என்று மலைக்காக 1/60க்கு இறக்கி வைத்தால், அந்த நேரம் பார்த்து ஒரு மான் குறுக்கே ஓடும்.

இதற்கு மருந்து கேமராவிலேயே இருக்கிறது. பெரும்பாலான மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராக்களின் மோட் டயலில் சி1, சி2 என்றோ யு1, யு2 என்றோ வெறும் 1, 2 என்றோ இடங்கள் இருக்கும். மொத்த செட்டிங்கையும் அதில் சேமித்து வைக்கலாம். முதல் இடம் விலங்குக்கு, அடுத்தது நிலக்காட்சிக்கு. இவை இரண்டையும் நிரப்பிக்கொண்டு கிளம்புவோம்.

படி 1: லென்ஸ்

100-400 மி.மீ. அல்லது 150-600 மி.மீ. ஜூம் ஒன்று போதும். ஏபிஎஸ்-சி எனும் சின்ன சென்சார் உள்ள கேமராவில் 400 மி.மீ. லென்ஸ், ஃபுல் ஃப்ரேம் எனும் பெரிய சென்சாரில் 600 மி.மீ. காட்டும் அளவுக்கே காட்சியை இறுக்கிக் காட்டும் (கேனனில் 640). இன்னும் சின்ன சென்சாரான மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் அது 800. டெலிகன்வெர்ட்டர் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டி ஜூமைக் கூட்டும் துணை லென்ஸ்) வாங்கும் ஆசையைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடுங்கள்: 1.4 மடங்கு கன்வெர்ட்டர் ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் பாதி) வெளிச்சத்தையும், 2 மடங்கு கன்வெர்ட்டர் இரண்டு ஸ்டாப்பையும் விழுங்கிவிடும்.

மிரர்லெஸ்ஸில் லென்ஸைக் கழற்றினால் பல மாடல்களில் சென்சார் அப்படியே வெளியே தெரியும். தூசி பறக்கும் இடத்தில் லென்ஸ் மாற்றாதீர்கள்.

படி 2: சி1, விலங்குக்கு

மேனுவல் மோட், கூடவே ஆட்டோ ஐஎஸ்ஓ. ஷட்டரும் அபெர்ச்சரும் (லென்ஸ் திறக்கும் அளவு) உங்கள் கையில் இருக்கும். வெளிச்சம் கூடிக் குறைவதை ஐஎஸ்ஓ பார்த்துக்கொள்ளும். அபெர்ச்சரை லென்ஸ் எவ்வளவு திறக்குமோ அவ்வளவு திறந்து வையுங்கள். ஷட்டர் 1/1000ல் தொடங்கலாம். கிளையில் சும்மா உட்கார்ந்திருக்கும் பறவைக்கு 1/500 போதும், நடக்கும் மானுக்கு 1/800, பறக்கும் கொக்குக்கு 1/2000. சிறகைப் படபடவென்று அடிக்கும் சின்னப் பறவை என்றால் 1/3200.

ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதே, எதற்கு இவ்வளவு வேகம் என்று கேட்கலாம். அது உங்கள் கை நடுக்கத்தை மட்டும்தான் சரிசெய்யும், மான் தலையைத் திருப்புவதை நிறுத்தாது. அதனால் ஐஎஸ்ஓ ஏறுவதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ஆட்டோ ஐஎஸ்ஓவின் உச்ச வரம்பை 6400 வரையாவது விட்டு வையுங்கள். நாய்ஸை மென்பொருளில் குறைக்கலாம். அசைவில் கலங்கிய கண்ணை எதைக் கொண்டும் மீட்க முடியாது.

ஷட்டர் வகையிலும் ஒரு விஷயம் இருக்கிறது. சத்தமே இல்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் பல கேமராக்களில் சென்சாரை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. அது படித்து முடிப்பதற்குள் சிறகு நகர்ந்துவிடுவதால் படத்தில் வளைந்து தெரியும். ஸ்டாக்டு எனும் அடுக்கு வகை சென்சார் கேமராக்களில் படிக்கும் வேகம் அதிகம். 2021ல் வந்த நிக்கான் இசட்9ல் மெக்கானிக்கல் ஷட்டரே கிடையாது. உங்களிடம் இருப்பது சாதாரண சென்சார் என்றால், பறக்கும் பறவைக்கு மெக்கானிக்கல், அசையாமல் நிற்கும் கூச்ச சுபாவ விலங்குக்கு எலக்ட்ரானிக் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: ஃபோகஸ்

விடாமல் ஃபோகஸைத் தொடரும் ஏஎஃப்-சி (கேனனில் சர்வோ) போட்டு, எதை எடுக்கிறோம் என்று கேமராவே கண்டுபிடிக்கும் சப்ஜெக்ட் டிடெக்ஷனில் விலங்கு அல்லது பறவையைத் தேர்ந்தெடுங்கள். ஃபுல் ஃப்ரேமில் 400 மி.மீ., எஃப் 5.6 (அபெர்ச்சர் அளவு; எண் சிறியதானால் திறப்பு பெரியது), பறவை 10 மீட்டர் தூரத்தில் என்றால், தெளிவாக விழும் ஆழம் சுமார் 20 செ.மீ.தான். அந்த 20க்குள் கண் இருந்தாக வேண்டும். வால் கொஞ்சம் மங்கினால் யாரும் கேட்கமாட்டார்கள்.

புதியவர்களை அழவைக்கும் சிக்கல் இனிமேல்தான். புதருக்கு முன்னால் ஒரு மீன்கொத்தி உட்கார்ந்திருக்கிறது. கேமராவைத் தூக்குகிறீர்கள். வியூஃபைண்டரில் பச்சைக் கலங்கல் தவிர எதுவும் இல்லை. ஷட்டரை அரை அழுத்து அழுத்தினால் ஃபோகஸ் பின்னால் இருக்கும் இலைகளில் போய் ஒட்டிக்கொள்கிறது. மறுபடி அழுத்தினாலும் அதே இலைதான். பறவை முழுக்கக் கலங்கி இருக்கும்போது அது பறவை என்றே கேமராவுக்குத் தெரியாது. அடையாளம் கண்டால்தானே கண்ணைப் பிடிக்கும்?

வழி இதுதான். பறவை இருக்கும் அதே தூரத்தில் வேறு ஏதாவது கெட்டியான பொருளை, ஒரு கல்லையோ அது உட்கார்ந்திருக்கும் கிளையின் அடிப்பகுதியையோ, முதலில் ஃபோகஸ் செய்யுங்கள். பிறகு கேமராவைப் பறவைக்கு நகர்த்தினால் அது ஓரளவு உருவத்தோடு தெரியும், டிடெக்ஷனும் உடனே பிடித்துக்கொள்ளும். கிளைகள் நெருக்கமாக இருந்தால் ஃபோகஸ் ஏரியாவைச் சின்னப் புள்ளியாக்குங்கள். வெறும் வானம் என்றால் அகலமான ஏரியா வசதி.

ஃப்ரேமுக்குள் பறவையே கிடைக்கவில்லையா? ஜூமைக் குறைத்துக் கண்டுபிடித்து, பிறகு நீட்டுங்கள். கண்ணைப் பறவையிலிருந்து எடுக்காமல், கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுவரப் பழக வேண்டும். பழகுவதற்குக் காக்கையும் புறாவும் போதும்.

படி 4: வெளிச்சம்

எடுப்பதற்கு முன்பே படம் எவ்வளவு வெளிச்சமாக வரும் என்று வியூஃபைண்டர் காட்டிவிடுவது மிரர்லெஸ்ஸின் பெரிய வசதி. கறுத்த நீருக்கு முன்னால் வெள்ளைக் கொக்கு நின்றால் கேமரா ஏமாந்து எல்லாவற்றையும் வெளுக்க வைக்கும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி) மைனஸ் 1 பக்கம் திருப்புங்கள். வெளிறிய வானத்தில் பருந்து என்றால் நேர்மாறு, பிளஸ் 1 அல்லது இன்னும் கொஞ்சம். பின்னால் திருத்த வசதியான ரா ஃபைலாகவே எடுங்கள்.

படி 5: நிற்கும் இடம்

பறவைகள் பெரும்பாலும் எதிர்காற்றில்தான் கிளம்பும். காற்றும் வெயிலும் உங்கள் முதுகுப் பக்கம் இருந்தால், அது கிளம்பும்போது முகத்தையும் சிறகையும் காட்டிக் கிளம்பும். முடிந்தவரை விலங்கின் கண் உயரத்துக்கு இறங்குங்கள். மேய்வதை நிறுத்திவிட்டு அது உங்களையே பார்க்கிறது என்றால் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டீர்கள்; பின்வாங்குங்கள். கூட்டருகே போவதும், பதிவு செய்த குரலை ஒலிபரப்பிப் பறவையை வரவழைப்பதும் வேண்டவே வேண்டாம்.

படி 6: சி2, நிலக்காட்சிக்கு

அபெர்ச்சர் பிரயாரிட்டி (அபெர்ச்சரை நீங்கள் வைக்க, ஷட்டரைக் கேமரா பார்த்துக்கொள்ளும் மோட்), எஃப் 8 முதல் எஃப் 11, ஐஎஸ்ஓ 100, சிங்கிள் ஃபோகஸ், 2 விநாடி டைமர். ட்ரைபாடில் வைத்தால் ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிடுங்கள். லென்ஸுக்கு ட்ரைபாட் காலர் (லென்ஸைச் சுற்றியிருக்கும் மாட்டு வளையம்) இருந்தால் கேமராவை விட்டுவிட்டு அதைத்தான் ட்ரைபாடில் மாட்ட வேண்டும்.

நிலக்காட்சி என்றாலே வைட் லென்ஸ்தான் என்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. மடிப்பு மடிப்பாக நிற்கும் மலைகளை 200 மி.மீ.யில் பாருங்கள், ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியதுபோல் நெருங்கி நிற்கும். தொலைவிலிருந்து பார்த்தால் எதுவுமே அப்படித்தான். லென்ஸ் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துக் காட்டுகிறது, அவ்வளவே. ஃபுல் ஃப்ரேமில் 200 மி.மீ., எஃப் 11 வைத்து சுமார் 120 மீட்டரில் ஃபோகஸ் செய்தால், 60 மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டாத தூரம் வரை தெளிவாக வரும். அதைவிடப் பக்கத்தில் மரம் இருந்தால் ஃப்ரேமிலிருந்து விலக்கிவிடுங்கள். எஃப் 22க்குப் போய் எல்லாவற்றையும் பிடிக்கப் பார்த்தால் டிஃப்ராக்ஷன் (சிறிய திறப்பில் ஒளி சிதறுவது) மொத்தப் படத்தையும் மழுக்கும்.

மலையை எடுத்து முடித்த கையோடு டயலை சி1க்குத் திருப்பி வையுங்கள். மலை காத்திருக்கும். சில கேமராக்களில் நடுவில் செய்த மாற்றங்கள் அணைத்ததும் அழிந்துவிடும். பிடித்த மாற்றம் என்றால் மறுபடி சேமிக்க வேண்டும்.

படி 7: சூடான காற்று

ட்ரைபாட், ஷட்டர், ஃபோகஸ் எல்லாம் சரி, ஆனாலும் படம் தண்ணீருக்குள் எடுத்ததுபோல் இருக்கிறதா? லென்ஸைச் சந்தேகப்படாதீர்கள். வெயில் ஏறியதும் தரையிலிருந்து சூடான காற்று அலையலையாக எழும்பி ஒளியை வளைக்கும். தூரம் கூடக்கூட இது மோசமாகும். விலங்குக்கும் மலைக்கும் ஒரே கதிதான். கிளம்பும் முன் தூரத்து மரத்தின் விளிம்பை வியூஃபைண்டரில் பெரிதாக்கிப் பாருங்கள். விளிம்பு நெளிந்தால் தொலைவுப் படங்களை விட்டுவிட்டு, 20 மீட்டருக்குள் இருக்கும் பறவைகளைத் தேடுங்கள். தூரத்து மலைக்கு மறுநாள் விடியற்காலையில் வந்துகொள்ளலாம்.